கட்டி வளரும் கணக்கு

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. தமிழ்ப்பள்ளியில் வாய்பாடு ஒப்பித்த நம் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான் இது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இதே கணக்கு ‘ஜன்ஜாங் கெயோமெத்ரி’ என்ற பெயரில் கூடுதல் கணிதப் பாடத்தில் வந்து நின்றது. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு அது வகைக்கெழுச் சமன்பாடு ஆகிவிட்டது. பெயர்தான் மாறியதே தவிர, உள்ளே இருக்கும் கணக்கு மாறவில்லை. புற்றுக்கட்டி எப்படி வளர்கிறது என்பதைக் கணிதத்தால் சொல்ல முயன்றவர்களும் இந்த இரட்டிப்பிலிருந்துதான் தொடங்கினார்கள்.

கணிதத்துறை மாணவனான நான் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் படித்து மலாயில் எழுதிய ஒன்றைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம். கணிதம் படிக்காதவர்கள் அஞ்ச வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முப்பது படிகள்

உயிரணு ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஆயிரம் உயிரணுக்களை வரிசையாக நிறுத்தலாம். எனவே ஒரு கனச் சென்டிமீட்டரில் ஆயிரத்தை மூன்று முறை பெருக்கிய எண்ணிக்கை, அதாவது நூறு கோடி உயிரணுக்கள் அடங்கும். அதன் எடை ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு கொண்டைக்கடலை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கையால் தடவினால் தட்டுப்படுவதும், எக்ஸ்ரே படத்தில் ஐயமில்லாமல் தெரிவதும் பெரும்பாலும் இந்த அளவிலிருந்துதான்.

ஓர் உயிரணு இந்த நூறு கோடியை எட்ட எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்? பத்து இரட்டிப்பில் 1,024. இருபதில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். முப்பதில் 107 கோடி. ஆக முப்பது படிகள். இன்னும் பத்துப் படி ஏறினால் ஒரு லட்சம் கோடி உயிரணுக்கள், ஒரு கிலோ எடை. அந்த அளவுக் கட்டியைத் தாங்கி ஒருவர் உயிர்வாழ்வது அரிது. ஒரு கட்டியின் மொத்த வாழ்க்கை நாற்பது படிகள் என்றால் அதில் முதல் முப்பது யார் கண்ணிலும் படாமல் நடந்து முடிகின்றன. மருத்துவர் பார்ப்பதும் நோயாளி உணர்வதும் கடைசிப் பத்தை மட்டுமே. கட்டிக்குள் இரத்தக் குழாய்களும் வேறு திசுக்களும் கலந்திருப்பதால் இந்த எண்ணிக்கை ஓரிரு படிகள் முன்பின் ஆகலாம். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கையின்படி, நோயாளிகளில் 63.7 விழுக்காட்டினருக்கு நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2017–2021 அறிக்கையில் அது 65.1 விழுக்காடாக உயர்ந்தது. நோயின் நிலை என்பது கட்டியின் அளவை மட்டும் குறிப்பதன்று. எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. என்றாலும், படிகளின் கணக்கில் பார்த்தால் நம் நாட்டில் மூவரில் இருவர் மாடிப்படியின் உச்சிக்கு அருகில்தான் நோயைச் சந்திக்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “போன தீவாளிக்கு ஒன்னுமே இல்லையேய்யா. ஒரே வருசத்துல எப்படி இவ்ளோ பெரிசாச்சு?” மருத்துவரிடம் கேட்காமல் என்னிடம் ஏன் கேட்டார் என்றால், வீட்டில் கணக்குப் படிப்பவன் நான் ஒருவன்தான். கணக்குக்கான கேள்விதான் அது. விடை, முதல் முப்பது படிகளைக் கட்டி எந்த வேகத்தில் ஏறியது என்பதைப் பொறுத்தது. அந்தப் படிகளையோ யாரும் பார்த்ததில்லை. பார்த்த பத்துப் படிகளை வைத்துப் பார்க்காத முப்பதைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கணித மாதிரி தேவைப்படுகிறது.

நேர்கோடு

எளிய மாதிரி இது:

வளரும் வேகம் = வளர்வீதம் × கட்டியின் அளவு

வங்கியில் போட்ட பணம் கூட்டு வட்டியில் வளர்வது போலவே, இருப்பது அதிகமானால் வருவதும் அதிகமாகும். இதனை அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறோம். இதன் சிறப்பு, இரட்டிப்புக் காலம் எப்போதும் ஒன்றாகவே இருப்பது. முதல் இரட்டிப்புக்கு நூறு நாள் என்றால் முப்பதாவது இரட்டிப்புக்கும் நூறு நாள். செங்குத்து அச்சில் அளவுக்குப் பதில் அளவின் மடக்கையைக் குறித்தால், வானத்தை நோக்கிப் பாயும் இந்த வளைகோடு ஒரு நேர்கோடாகிவிடும்.

1956இல் காலின்ஸ், லெஃப்லர், டைவி ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் மூவர் இதைத்தான் செய்தார்கள். நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளை அடுத்தடுத்து எடுத்த எக்ஸ்ரே படங்களில் அளந்து, மடக்கைத் தாளில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்தன. இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. கட்டி இரட்டிப்பது என்றால் அதன் குறுக்களவு இரட்டிப்பதன்று. குறுக்களவு இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும். அது மூன்று இரட்டிப்புக்குச் சமம். ஒரே ஒரு இரட்டிப்பில் 1 செ.மீ. கட்டி 1.26 செ.மீ. மட்டுமே ஆகும். எக்ஸ்ரே படத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வேறுபாடுதான் தெரியும். உள்ளேயோ நூறு கோடி உயிரணுக்கள் இருநூறு கோடி ஆகியிருக்கும்.

அந்த மூவரில் ஒருவரான வின்சென்ட் காலின்ஸ் பெயரில் ஒரு விதியும் உண்டு. குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியைப் பற்றியது அது. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கட்டி இருந்தால், அந்தக் கட்டியின் வயது அதிகபட்சம் என்ன? தாயின் வயிற்றில் இருந்த ஒன்பது மாதத்தையும் சேர்த்து இரண்டே முக்கால் ஆண்டு. அதற்கு முன் குழந்தையே இல்லை! அறுவைச் சிகிச்சையில் கட்டியை எடுத்த பிறகு ஒரே ஓர் உயிரணு தங்கிவிட்டது என்று கொள்வோம். அது மீண்டும் பழைய அளவை எட்ட அதே இரண்டே முக்கால் ஆண்டுதான் ஆகும். அதற்குள் கட்டி திரும்பவில்லை என்றால் குழந்தை பிழைத்தது என்று பெரும்பாலும் நம்பலாம். விதிவிலக்குகள் உண்டு. ஆயினும், நான் படித்தவற்றுள் மிக அழகான வாதம் இதுதான். காரணம், இதில் வளைகோட்டின் வடிவமே தேவைப்படவில்லை. ஏறிய பாதை எதுவாக இருந்தாலும் இரண்டாம் முறையும் அதே பாதையில்தான் ஏறப்போகிறது.

பெரியவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஐம்பத்தாறு வயதுப் பெரியம்மாவிடம் போய் உங்கள் கட்டிக்கு அதிகபட்ச வயது ஐம்பத்தாறே முக்கால் என்று சொல்லி என்ன பயன்? அங்கே வடிவம் தெரிந்தே ஆக வேண்டும்.

காப்புறுதிக் கணக்கரின் வளைகோடு

பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் 1779இல் இலண்டனில் பிறந்தவர். யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. தாமே நூல்களைப் படித்துக் கணிதம் கற்றார். 1819இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1824இல் தொடங்கப்பட்ட அலையன்ஸ் காப்புறுதி நிறுவனத்தில் கணக்கராகப் பொறுப்பேற்றார். ஆயுள் காப்புறுதி விற்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்ன வயதில் இருப்பவர் அடுத்த ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு? பெரியவர்களிடையே அந்த வாய்ப்பு வயதோடு அடுக்குக்குறி முறையில் கூடுகிறது என்று 1825இல் அவர் எழுதினார். அவருடைய கட்டுரையில் கட்டியும் இல்லை, உயிரணுவும் இல்லை. மனிதர்கள் சாகும் கணக்கு மட்டுமே இருந்தது.

அந்தச் சமன்பாட்டைச் சற்றுத் திருப்பிப் போட்டால் வளர்ச்சிக்கும் பொருந்தும் என்பதைப் பிற்காலத்தவர் கண்டனர். 1964இல் ஆன்னா லேர்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் சுண்டெலி, எலி, முயல் ஆகியவற்றின் கட்டிகளை எடுத்துப் பார்த்தார். அவை நேர்கோட்டில் போகவில்லை. மடக்கைத் தாளில் வைத்தால் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, போகப்போக வளைந்து படுத்தன. அந்த வளைவுக்குக் கொம்பெர்ட்ஸின் கோடு நன்றாகப் பொருந்தியது. வளர்ச்சிக்கு உரிய வடிவில் எழுதினால் அது இப்படி இருக்கும்:

வளரும் வேகம் = மாறிலி × கட்டியின் அளவு × மடக்கை (எல்லை ÷ கட்டியின் அளவு)

எல்லை என்பது கட்டி எட்டக்கூடிய உச்ச அளவு. கட்டி சிறிதாக இருக்கும்போது எல்லையை அளவால் வகுத்தால் பெரிய எண் வரும். இரட்டிப்பு விரைவாக நடக்கும். எல்லையை நெருங்க நெருங்க மடக்கை சுழியத்தை நோக்கிச் செல்லும். இரட்டிப்பு மெல்ல மெல்லத் தளரும்.

இதைக் கொண்டு என் ஆய்வேட்டில் ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் நானே தேர்ந்தெடுத்தவை. ஒரு செ.மீ. கட்டி, நூறு கோடி உயிரணுக்கள். இந்த அளவில் அது இரட்டிக்க நூறு நாள் ஆகிறது. எல்லை ஒரு லட்சம் கோடி உயிரணுக்கள். இந்தக் கட்டியின் வயது என்ன?

அடுக்குக்குறி மாதிரிப்படி முப்பது படி, ஒவ்வொன்றும் நூறு நாள். ஏறத்தாழ மூவாயிரம் நாள், எட்டு ஆண்டுக்குச் சற்று மேல்.

கொம்பெர்ட்ஸ் மாதிரிப்படி முதல் இரட்டிப்புக்கு 24 நாள்தான் ஆகியிருக்கிறது. பிறகு படிப்படியாகத் தளர்ந்து இப்போது நூறு நாளுக்கு வந்திருக்கிறது. மொத்த வயது 1,311 நாள், ஏறக்குறைய மூன்று ஆண்டு ஏழு மாதம். எல்லையைப் பத்து மடங்கு உயர்த்திப் போட்டால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் வருகிறது.

ஒரே கட்டி, ஒரே எக்ஸ்ரே, ஒரே நூறு நாள். ஒரு மாதிரி எட்டு ஆண்டு என்கிறது. மற்றது நான்குக்கும் குறைவு என்கிறது. கண்ணுக்குத் தெரிந்த பகுதியில் இரண்டும் அவ்வளவாகச் சண்டையிடவில்லை. சண்டை முழுவதும் தெரியாத பகுதியில்தான்.

பெரியம்மாவின் கேள்விக்கு மட்டும் இரண்டு மாதிரிகளும் ஒரே விடையைத் தருகின்றன. இந்தக் கற்பனைக் கட்டியை ஓர் ஆண்டு பின்னோக்கி நகர்த்தினால் அடுக்குக்குறி மாதிரியில் அதன் குறுக்களவு நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கொம்பெர்ட்ஸ் மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டுமே ஒரு கொத்தமல்லி விதையின் அளவுதான். போன தீபாவளிக்கும் அது இருந்தது. விரலுக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நான் ஒன்னும் கவனக்குறைவா இல்லை” என்றார். ஓராண்டாக அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது அதுதான் போலும்.

ஏன் தளர்கிறது?

சமன்பாடு பொருந்துகிறது என்பது வேறு, ஏன் பொருந்துகிறது என்பது வேறு. 1932இல் மேய்னியர்ட் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் எலியின் கட்டி ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் குறுக்களவு நாளுக்கு நாள் ஒரே அளவாகக் கூடுவதைக் கண்டார். வெளிப்புறத் தோல் போன்ற ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் வளர்கிறது, உள்ளே இருப்பது வளரவில்லை என்று கொண்டால் கணக்கு இப்படித்தான் வரும்.

1955இல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் மனிதரின் நுரையீரல் புற்றுத் திசுக்களை நுண்ணோக்கியில் அளந்து இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். திசுத் தண்டுகளின் ஆரம் 0.16 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் நடுவில் செத்த பகுதி இல்லை. 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் நடுவில் தவறாமல் செத்த பகுதி இருந்தது. இரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் ஊடுருவிச் செல்ல முடியும். அதற்கு அப்பால் உயிரணு மூச்சுத் திணறிச் சாகிறது. ஆக்சிஜன் இல்லாத உயிரணுவைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும் என்பதால், கதிர்ச் சிகிச்சை மருத்துவர்களுக்கு இது பெரிய செய்தியாயிற்று.

இந்த 0.2 மில்லிமீட்டரை வைத்து ஒரு சிறு கணக்கு. இரத்தக் குழாயே இல்லாத உருண்டை ஒன்றின் ஆரம் 1 மி.மீ. என்றால், உயிருள்ள வெளியடுக்கு மொத்தத்தில் 49 விழுக்காடு. ஆரம் 5 மி.மீ. ஆனால் அது வெறும் 11.5 விழுக்காடு. உருண்டை பெரிதாகப் பெரிதாக உழைப்பவர் குறைந்து, சும்மா இருப்பவர் கூடிவிடுகிறார்கள். உண்மையில் கட்டி இப்படியே பட்டினி கிடப்பதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர அது தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எடுத்துரைத்தார். அந்தக் குழாய்களும் ஒழுங்காக அமைவதில்லை. எனவே தளர்ச்சி முற்றாக நீங்குவதும் இல்லை.

மூன்று வாரமா, இரண்டு வாரமா?

இதெல்லாம் கணிதத்துறைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹாவர்ட் ஸ்கிப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் சுண்டெலிகளின் இரத்தப் புற்றில் மருந்துகளைச் சோதித்து 1964இல் வெளியிட்ட முடிவு கீமோ சிகிச்சையின் அடிப்படை ஆயிற்று. ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து கொல்வது குறிப்பிட்ட எண்ணிக்கையை அன்று, குறிப்பிட்ட பங்கை. 99.9 விழுக்காட்டைக் கொல்லும் மருந்து, நூறு கோடியைப் பத்து லட்சமாக்கும். அடுத்த முறை பத்து லட்சத்தை ஆயிரமாக்கும். அதற்கடுத்த முறை ஆயிரத்தை ஒன்றாக்கும். முதல் ஊசியிலேயே கட்டி கண்ணிலிருந்து மறைந்துவிடும்; ஆனால் பத்து லட்சம் உயிரணுக்கள் இருக்கும். அவர்களின் சோதனையில் ஒரே ஓர் உயிரணுகூடச் சுண்டெலியைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. கட்டியை அறுத்தெடுத்த பிறகும், படங்களில் ஒன்றும் தெரியாதபோதும் ஏன் நான்கு முறை, எட்டு முறை என்று மருந்து ஏற்றுகிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

ஸ்கிப்பரின் சுண்டெலி இரத்தப் புற்று நேர்கோட்டில் வளர்ந்தது. மனிதரின் கட்டி கொம்பெர்ட்ஸ் கோட்டில் வளர்ந்தால் என்ன ஆகும்? லேரி நார்ட்டனும் ரிச்சர்ட் சைமனும் 1977இல் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். மருந்து விரைந்து பிரியும் உயிரணுக்களையே அதிகம் தாக்குவதால், சிறிய கட்டியில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு ஊசிகளுக்கு இடையில் அந்தச் சிறிய கட்டியே மிக விரைவாகத் திரும்ப வளரவும் செய்யும். மேலே நான் சொன்ன கற்பனைக் கட்டியையே எடுத்துக்கொள்வோம். அது பத்து லட்சம் உயிரணுக்களாகக் குறைந்துவிட்டால் இரட்டிப்புக் காலம் நூறு நாளன்று, 49 நாள். மூன்று வார இடைவெளியில் அது 35 விழுக்காடு வளர்ந்துவிடும். இரண்டு வார இடைவெளியில் 22 விழுக்காடுதான். ஒவ்வொரு சுற்றிலும் இந்த வேறுபாடு பெருகிக்கொண்டே போகும். எனவே மருந்தைக் கூட்ட வேண்டாம், இடைவெளியைக் குறைத்தால் போதும் என்பது அவர்களின் வாதத்திலிருந்து கிடைத்த முடிவு.

சொல்வது எளிது. மூன்று வாரம் என்பது யாரும் விருப்பப்படி வைத்த கணக்கன்று. கீமோ மருந்து வெள்ளை அணுக்களையும் சேர்த்தே கொல்கிறது. அவை மீண்டும் ஊற மூன்று வாரம் ஆகும். அதற்குள் அடுத்த ஊசி போட்டால் நோயாளி கிருமித் தொற்றில் இறந்துவிடக்கூடும். வெள்ளை அணுக்களை விரைந்து ஊறச் செய்யும் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்து 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிறகுதான் இரண்டு வார இடைவெளியைச் சோதிக்க வழி பிறந்தது.

சி.ஏ.எல்.ஜி.பி. 9741 என்ற ஆய்வில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 2,005 பெண்கள் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் அதே மூன்று மருந்துகள், அதே அளவு. ஒரு பாதியினருக்கு மூன்று வாரத்திற்கொரு முறை, மறு பாதியினருக்கு ஃபில்கிராஸ்டிம் துணையோடு இரண்டு வாரத்திற்கொரு முறை. 2003இல் முடிவு வெளியானது. நான்கு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் இரண்டு வாரப் பிரிவில் 82 விழுக்காடு, மூன்று வாரப் பிரிவில் 75 விழுக்காடு. நூறு பேரில் ஏழு பேர். ஒரு புதிய மருந்தும் சேர்க்காமல், நாட்காட்டியை மட்டும் மாற்றிக் கிடைத்த ஏழு பேர்.

ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதும் சரிதான். 2019இல் 26 ஆய்வுகளைச் சேர்ந்த 37,298 பெண்களின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். மருந்தை நெருக்கிக் கொடுத்தவர்களிடையே பத்து ஆண்டுகளில் நோய் திரும்பியது 28.0 விழுக்காட்டினருக்கு, வழக்கமான முறையில் 31.4. மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 18.9, மற்றதில் 21.3. முதல் ஆய்வைவிட வேறுபாடு சிறுத்துவிட்டது, ஆனால் மறையவில்லை. வளைகோடு சொன்ன திசையிலேயே இருக்கிறது.

பொருந்துவதும் உண்மையாவதும்

கொம்பெர்ட்ஸ் கோட்டைக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. எல்லையை வேண்டிய அளவு உயர்த்தினால் தொடக்க இரட்டிப்புக் காலத்தையும் வேண்டிய அளவு குறைத்துக்கொண்டே போகலாம். உண்மையில் ஓர் உயிரணு ஒருமுறை பிரிவதற்குக் குறைந்தபட்ச நேரம் ஒன்று உண்டு. அதனால் தொடக்கத்தில் நேர்கோட்டில் போய்ப் பிறகு கொம்பெர்ட்ஸ் கோட்டுக்கு மாறும் கலப்பு மாதிரிகளையும் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சை முடிந்து பதினைந்து, இருபது ஆண்டு கழித்து மார்பகப் புற்று திரும்புவதையும் இந்தக் கோடுகள் விளக்குவதில்லை. வளராமல் தூங்கும் உயிரணுக்களுக்கு இந்தச் சமன்பாட்டில் இடமே கிடையாது. தவிரவும் மூன்று அளவுருக்கள் உள்ள ஒரு கோட்டை ஐந்தாறு புள்ளிகளுக்குப் பொருத்துவது கடினமான வேலையன்று. வேறு பல கோடுகளும் அதே புள்ளிகளுக்குப் பொருந்தும். என் பார்வையில், ஒரு மாதிரியின் மதிப்பு பழைய புள்ளிகளோடு பொருந்துவதில் இல்லை. யாரும் செய்து பார்க்காத ஒன்றைச் சொல்லி அது நடக்கிறதா என்று சோதிக்க விடுவதில் இருக்கிறது. இரண்டு வார இடைவெளி அப்படிப்பட்ட ஒன்று.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் சோதனைக்கு வந்திருக்கிறது. நோய் உடலெங்கும் பரவி, முற்றாக ஒழிக்க முடியாது என்ற நிலையில் கடுமையாக அடிப்பது சரியா? கட்டிக்குள் மருந்துக்குப் பணியும் உயிரணுக்களும் பணியாத உயிரணுக்களும் கலந்து இருக்கின்றன. பணிபவற்றையெல்லாம் கொன்றுவிட்டால் பணியாதவற்றுக்குப் போட்டியாளர் இல்லை. இடமும் உணவும் அவற்றுக்கே. ஒரே குளத்தில் போட்டியிடும் இரண்டு மீன் இனங்களுக்கு எழுதப்பட்ட சமன்பாட்டை இதற்கும் எழுதலாம். அமெரிக்காவின் டாம்பா நகரிலுள்ள மொஃபிட் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் கேட்டன்பியின் குழுவினர் இதைப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோயில் சோதித்தார்கள். அபிராட்டெரோன் என்ற மருந்தைக் கொடுத்து, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு பாதியாகக் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அது பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி தொடங்குவார்கள். பணியும் உயிரணுக்களை வேண்டுமென்றே உயிரோடு விட்டு, பணியாதவற்றுக்குக் காவல் வைப்பது போன்றது இது. 2022இல் வெளியான முடிவின்படி, இம்முறையில் 17 பேருக்கு நோய் மீண்டும் முற்ற இடைநிலையாக 33.5 மாதம் ஆனது. தொடர்ந்து மருந்து உண்ட 16 பேருக்கு 14.3 மாதம். சிறிய குழுக்கள், சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்களும் அல்லர். அதனால் இதை இறுதி விடையாகக் கொள்ள முடியாது.

கட்டி சிறிதாக இருக்கும்போது இடைவெளியைக் குறை என்கிறது ஒரு சமன்பாடு. பெரிதாகிப் பரவிவிட்டால் இடைவெளியைக் கூட்டு என்கிறது மற்றொன்று. மூவரில் இருவருக்கு நோய் முற்றிய நிலையில் தெரியவரும் நம் நாட்டில் இந்த இரண்டாவதைப் பற்றியும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு தடையும் உண்டு. புரோஸ்டேட் புற்றில் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துக் கட்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று மாதாமாதம் சொல்லிவிடலாம். மார்பகப் புற்றில் அந்த அளவுக்கு நம்பத்தக்க இரத்தக் குறியீடு இல்லை. புள்ளி வைக்க எண் இல்லாத இடத்தில் கோடு போட முடியாது.